பெட்டியைத் திருப்பினால் பாதிச் சண்டை தீரும்

கேள்வி: தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. முன்பெல்லாம் கல்யாணம், திருவிழா என்றால்தான் ரேடியோ செட். இப்போது காதுகுத்து, சடங்கு, முதல் பிறந்தநாள், புது பைக் வாங்கினால்கூட டிஜே பாக்ஸ். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டி வெடி போடுகிறார்கள். என் வீட்டுக்காரர் விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து கடலுக்குப் போகிறவர். மாமனாருக்கு இதய நோய். மகன் பிளஸ் டூ படிக்கிறான். போய்ச் சொன்னால் 'பொறாமை' என்கிறார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள், போலீசுக்குப் போக முடியாது. அடுத்த மாதம் எங்களுக்கு எதிர்ச்சாரியில் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. இதற்கு நடுவில் பஸ்சில் ஏறினால் ஆளாளுக்குப் போனில் ரீல்ஸை அலற விடுகிறார்கள். நாங்கள்தான் காலத்துக்கு ஒத்துவராதவர்கள் ஆகிவிட்டோமா?
– வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில் தருபவர்: ஒலி அமைப்புப் பொறியாளர்

சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஆடுகிற பையன்களுக்கே அந்தச் சத்தம் அதிகம்தான். பெட்டிக்கு 4 மீட்டர் முன்னால் நின்றால் 98 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) சாதாரணமாக வரும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கிற காதுப் பாதுகாப்புக் கணக்கு இப்படி: 85 டெசிபெல்லில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி. 97-க்கு வரும்போது அரை மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். அந்தப் பெட்டி மேல் கைக்குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்களே, அதைப் பார்த்தால் தயவுசெய்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகருங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இனி விஷயம். இரவு பதினோரு மணிக்குப் போய் "சத்தத்தைக் குறைங்க" என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அது நடக்கவே நடக்காது. காரணம் இரண்டு.

ஒன்று, ஆள். அந்த நேரத்தில் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் பலகை பக்கத்தில் நிற்பது வீட்டுக்காரர் இல்லை. நாலு பையன்கள் ஆபரேட்டரின் தோளில் கை போட்டு "ஏத்துண்ணே, ஏத்து" என்றுகொண்டிருப்பார்கள். வாடகை பாக்கி நாளைக் காலையில் வாங்க வேண்டியவர் அவர். உங்கள் பேச்சைக் கேட்டால் அவருக்கு அங்கே மரியாதை இல்லை.

இரண்டு, கணக்கு. ஆம்ப்ளிஃபயரில் பவரைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது குறைந்த மாதிரியே தெரியாது. பாதியாகக் குறைந்தது என்று காது ஒப்புக்கொள்ள 10 டெசிபெல் இறங்க வேண்டும், அதாவது பவர் பத்தில் ஒரு பங்காக வேண்டும். எந்த ஆபரேட்டரும் அவ்வளவு இறக்க மாட்டார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குமிழைக் கொஞ்சம் திருகுவார், ஐந்து நிமிஷத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். கேட்டவருக்கும் கோபம், கேட்கப்பட்டவருக்கும் கோபம்.

எனவே கேட்க வேண்டியது வால்யூமை இல்லை, பெட்டி நிற்கும் இடத்தையும் அது பார்க்கும் திசையையும். கேட்க வேண்டிய நாள், செட்காரருக்கு முன்பணம் கொடுக்கிற நாள். நாத்தனார் வீட்டில் என்ன பந்தல், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று பேசும்போதே இதையும் பேசுங்கள்.

அங்கே உங்களுக்குக் கைகொடுக்கப்போவது மொய் மேசை. பெட்டிக்குப் பத்தடியில் மேசை போட்டு மொய் எழுதினால் பெயர் காதில் விழாது. 'முனியசாமி' என்றால் 'முனியாண்டி' என்று எழுதிவிடுவார்கள், ஊர்ப் பெயர் மாறும், நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது தகராறு. "மொய் எழுதுற இடத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல அம்பதடியாவது இருக்கணும் மதினி, இல்லேன்னா நோட்டு பூரா தப்பாகும்" என்று சொல்லிப் பாருங்கள். மாமனார் உடம்பைச் சொன்னால் அனுதாபம் வரும், மொய் நோட்டைச் சொன்னால் பெட்டி நகரும்.

எங்கே நகர வேண்டும் என்று கேட்டால், அதற்கு, கூர்மையான ஒலி தரும் டாப் பெட்டி வேறு, 'திம் திம்' என்று அடிவயிற்றில் குத்தும் பேஸ் பெட்டி வேறு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

டாப் பெட்டியில் இருக்கும் ஹாரன் தான் பார்க்கிற பக்கம்தான் வீசும். பாட்டின் குரலும் மேளத்தின் 'டக்'கும் அதிலிருந்து வருகிறது. அதன் முதுகுப் பக்கம் போய் நின்றால் 15 டெசிபெல் வரை குறைந்திருக்கும். குமிழைத் தொடாமலே சத்தம் பாதியைவிடக் குறைந்துவிடும். அதனால் பெட்டியின் முதுகு வீடுகளைப் பார்க்கட்டும், முகம் கடலையோ காலி மனையையோ பார்க்கட்டும், ஜனம் பெட்டியின் முகத்துக்கு முன்னால் உட்காரட்டும். இன்னொன்று, டாப்பைத் தரையில் வைக்க விடாதீர்கள். தரையில் வைத்தால் முன் வரிசை ஆட்களே சத்தத்தை உறிஞ்சிவிடுவார்கள், பின் வரிசைக்குக் கேட்காது, "கேட்கலை" என்று ஒருவர் கையைக் காட்ட ஆபரேட்டர் ஏற்றுவார். பந்தல்களில் சத்தம் ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்டாண்டில் ஏழடி உயரத்துக்கு ஏற்றி, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் கடைசி நாற்காலிக்கும் தெளிவாக விழும். ஏற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். முன்னூறு பேர் கூடும் சடங்குக்கு இரண்டு டாப், இரண்டு பேஸ் தாராளம். எட்டு பேஸ் அடுக்குவது சத்தத்துக்காக இல்லை, 'எட்டு பேஸ் போட்டாங்க' என்று ஊர் சொல்வதற்காக.

பேஸ் விஷயத்தில் திருப்புவது உதவாது. 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது முறை அதிரும் ஒலியின் ஓர் அலையே 7 மீட்டர் நீளம். இரண்டடிப் பெட்டியிலிருந்து கிளம்பும் அது முன்பக்கம் பின்பக்கம் பார்க்காது, எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். அதற்கு இரண்டே வழி, தூரத்தைக் கூட்ட வேண்டும், சுவரை விட்டு விலக்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். உங்கள் வாசலிலிருந்து 10 மீட்டரில் இருக்கிற பேஸை 40 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபெல் போச்சு. சுவர் இதற்கு நேர்மாறு. பேஸைச் சுவரை ஒட்டி வைத்தால் 3 முதல் 6 டெசிபெல் கூடும். காம்பவுண்டும் வீட்டுச் சுவரும் சேரும் மூலையில் வைத்தால் இன்னும் அவ்வளவு கூடும். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து ஆபரேட்டர்கள் வழக்கமாக அந்த மூலையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பேஸை வெட்டவெளியில், எந்தச் சுவரிலிருந்தும் பத்துப் பதினைந்தடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஆபரேட்டரிடம் தனியாக ஒன்று கேட்கலாம், அவருக்கே லாபமான காரியம். டாப்புக்கும் பேஸுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரில் அல்லது பிராசசரில் லிமிட்டர் என்று ஒன்று இருக்கும். மத்தியானம் ஒரு பாட்டைப் போட்டு, அளவு பார்த்து, அதை அங்கேயே பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு பையன்கள் என்ன ஏற்றினாலும் பெட்டிக்கு அதற்கு மேல் போகாது. ஆம்ப் தன் சக்திக்கு மேல் போய்க் கிளிப் ஆகும்போதுதான் டாப்பின் டயாஃப்ரமும் (அதிரும் மெல்லிய தகடு) பேஸின் காயிலும் (கம்பிச் சுருள்) கருகுகின்றன. ஒரு பேஸ் காயில் மாற்றுகிற செலவில் ஓர் இரவு வாடகையில் பெரும் பங்கு போய்விடும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கூடவே 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடவும், பத்து மணிக்கு முன்னாலேயே 60-க்கும் 100-க்கும் நடுவில் 6 டெசிபெல் இறக்கிவிடவும் சொல்லுங்கள். பாட்டு கெடாது, பீரோ மட்டும் ஆடாது.

கோயில் கொடையில் இன்னும் கம்பத்துக்குக் கம்பம் கூம்புக் குழாய் கட்டுகிற ஊர்களும் இந்தக் கரையில் உண்டு. போலீஸ் தரும் அனுமதியில் 'பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டும்' என்று எழுதுவதே வழக்கம். குழாய் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டரில் 105 டெசிபெல்லுக்கு மேல் தரும். 30 வாட் கொடுத்தால் 120. முப்பது மீட்டர் தள்ளி உள்ள திண்ணையில் 90. அதுவும் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000, 3,000 ஹெர்ட்ஸில். அதற்குப் பதில் தெருவோரம் தூண் மாதிரி ஒல்லியான சின்னக் 'காலம்' ஸ்பீக்கர்கள் நிறைய, ஒவ்வொன்றும் மெல்ல. எண்ணிக்கை கூட்டி அளவைக் குறைப்பதுதான் சரியான வழி.

காற்றைப் பார்க்காமல் உங்கள் கரையில் செட் போடக்கூடாது. சத்தம் காற்றோடு போனால் கீழே வளைந்து தரையோடு வரும், காற்றை எதிர்த்துப் போனால் மேலே எழும்பித் தலைக்கு மேல் போய்விடும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும். கரையில் போட்ட பந்தலின் சத்தம் அப்போது ஊருக்குள் குறைவு. வாடைக்காற்றில் எல்லாம் தலைகீழ். ஐப்பசிக்கு மேல் கரையில் செட் போட்டால் சத்தம் நேரே வீட்டுக்குள் வரும், பந்தலை ஊரின் மேற்குப் பக்கம் போடுவது நல்லது. காற்றே இல்லாத இரவு இன்னும் மோசம். தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், மேலே உள்ள காற்று சூடாக நிற்கும், மேலே போன சத்தம் திரும்பிக் கீழே வளையும். பகலில் கேட்காத பக்கத்து ஊர்ப் பாட்டு பத்து மணிக்கு மேல் வரி வரியாகக் கேட்பது அதனால்தான். பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும்போது தண்ணீர்ப் பரப்பு அதை இன்னும் தள்ளிவிடும். பெட்டியைக் கடல் பக்கம் திருப்பச் சொன்னேனே, கரை வளைந்து போகிற இடம் என்றால் எதிரில் எந்த ஊர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் நிம்மதிக்கு அடுத்த ஊர்க்காரர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

வீட்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. உங்கள் படுக்கையறை 12 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம், இங்கே பெரும்பாலான அறைகள் அப்படித்தான். இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவில் சிக்கும் முதல் அதிர்வு ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸ். டிஜே பேஸ் குத்துகிற இடமும் சரியாக அதுதான். அப்போது சுவரோரமும் மூலையும்தான் அதிகம் அதிரும், அறையின் நடுவில் குறைவு. மாமனார் கட்டில் மூலையில் கிடந்தால் அன்றிரவு மட்டும் அறை நடுவுக்கு இழுத்துப் போடுங்கள். வித்தியாசம் அவருக்கே தெரியும். பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவில் துணியோ மடித்த அட்டையோ வையுங்கள். பீரோக் கதவில் ஒரு துண்டைச் செருகுங்கள். பாட்டைவிட அந்தக் 'கிணுகிணு'தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

மெடிக்கலில் கிடைக்கும் நுரை இயர்ப்ளக் நல்லது, ஆனால் சும்மா செருகினால் பலனில்லை. விரலில் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். குரலையும் மேளத்தையும் அது அடக்கும், பேஸை அவ்வளவாக அடக்காது. கடலுக்குப் போகிறவர் அலாரத்தைக் கேட்க மாட்டார், போனை வைப்ரேஷனில் வைத்துத் தலையணைக்கு அடியில் வைக்கட்டும். மகனுக்கு ஃபேனை வேகமாக ஓடவிட்டாலே போதும், சீரான இரைச்சலில் பாட்டின் வரிகள் புரியாமல் போகும். படிக்கவிடாமல் செய்வது புரிகிற வார்த்தைதான்.

அளந்து பேசுவது நல்லது. போன் ஆப்பை முழுக்க நம்ப வேண்டாம், ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் 5 டெசிபெல் வரை மாறும். இருந்தாலும் பாட்டு தொடங்கும் முன் ஒரு அளவு, ஓடும்போது ஒரு அளவு, இரண்டும் ஒரே போனில், ஒரே வாசற்படியில், உடம்பிலிருந்து கையை நீட்டிப் பிடித்து, ஐந்து நிமிஷச் சராசரி எடுத்தால் வித்தியாசம் உண்மையாக இருக்கும். கடல்காற்று மைக்கில் உரசினால் பொய்யான எண் காட்டும், மெல்லிய கைக்குட்டையால் மூடுங்கள். 'ஏ' என்றும் 'சி' என்றும் இரண்டு அளவுமுறை இருக்கும். 'ஏ' பேஸைக் கணக்கில் பெரும்பாலும் விட்டுவிடும். 'சி' 15, 20 அதிகமாகக் காட்டினால் உங்கள் தொல்லை பேஸ்தான், டாப்பைத் திருப்பி மட்டும் பயனில்லை.

சட்டம் தெரிந்து வைத்துக்கொள்வதும் அதைக் கையில் எடுப்பதும் வேறு வேறு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கிடையாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அதன் எல்லையில் இந்த வரம்பைவிட 10 கூடலாம், அதுவும் 75-ஐத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க மாநில அரசுக்கு ஆண்டுக்கு 15 நாள் அதிகாரம் உண்டு, அது பண்டிகைகளுக்கும் கலாசார நிகழ்ச்சிகளுக்கும். வீட்டுச் சடங்கு அதில் வராது. நள்ளிரவுக் கேக் வெடியும் அதே விதிகளில் இரவு நேரத்துக்குத் தடை செய்யப்பட்டதுதான். ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்.

உயிருக்கு ஆபத்து என்கிற நிலை வந்தால் 112-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம், அப்போது சொந்தம் பார்க்கக்கூடாது. மற்றபடி ரோந்து வண்டி வந்து போனால் அரை மணி நேரம் அடங்கும், பத்து வருஷத்துக்குப் பகை இருக்கும். உங்கள் ஊரில் அதைவிட வலுவான வழி ஊர்க் கூட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். கோயில் கமிட்டி, ஜமாத், சர்ச் என்று உங்கள் ஊரில் யார் யார் உண்டோ அவர்களைச் சேர்த்து அப்போது பேசினால் 'எனக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. பாங்கு சொல்லும்போது பாட்டை நிறுத்துகிற பழக்கம் கலந்து வாழ்கிற ஊர்களில் எப்போதும் உண்டு. தெருவில் ஒரு துட்டி, அதாவது சாவு, விழுந்தால் கல்யாண வீட்டுச் செட்டே அணைந்துவிடுகிறது, அதற்கு யாரும் போலீசைக் கூப்பிட்டதில்லை. நிறுத்தத் தெரியாத ஊர் இல்லை.

கூட்டத்தில் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மீறுகிற வீட்டுக்கு அபராதம். போட்டால் கெட்டுப்போகும். "அபராதந்தானே, மேடையிலேயே கட்டுறேன்" என்று அதையும் பெருமையாக்கிவிடுவார்கள். பொறுப்பைச் செட்காரர் மேல் வையுங்கள். ஊருக்குள் செட் போட வருகிறவர் கமிட்டியிடம் ஒரு தொகையைப் பிடிப்பாகக் கட்ட வேண்டும், பத்து மணிக்கு அணைத்தால் மறுநாள் காலையில் திருப்பித் தரப்படும், மீறினால் தொகையும் போகும், ஆறு மாதத்துக்கு இந்த ஊரில் செட்டும் இல்லை. வீட்டுக்காரருக்கு மானம் போகாது. ஆபரேட்டருக்கும் பையன்களிடம் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும்: "தம்பி, என் பணம் கமிட்டிகிட்ட இருக்கு." அந்த ஒரு வரிக்காகவே செட்காரர்கள் இந்த ஏற்பாட்டை எதிர்க்க மாட்டார்கள்.

பஸ் ரீல்ஸுக்கு இவ்வளவெல்லாம் வேண்டாம். பொதுவாகக் கத்தினால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரை மட்டும், "ஹெட்செட் இல்லையா தம்பி?" என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைத்துவிடுவார். இல்லாவிட்டால் கண்டக்டர். பிறந்தநாள் வெடிக்கு அந்தப் பையனின் அம்மாவிடம் முதல் நாளே சொல்வதுதான் வழி. வெடித்த பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த மாதத்துக்கு வருவோம். செட் இறக்கும் அன்று மாலை நான்கு மணி வாக்கில் நாத்தனாரையும் ஆபரேட்டரையும் உங்கள் வீட்டுக்குள் காப்பிக்குக் கூப்பிடுங்கள். உதவியாள் வெளியே நல்ல பேஸ் உள்ள ஒரு பாட்டைப் போடட்டும். மாமனார் கட்டில் பக்கத்தில் மூவரும் நின்று கேளுங்கள். பேஸை நகர்த்த வேண்டுமா, லிமிட்டர் எந்த அளவில் பூட்ட வேண்டும் என்பதை அங்கே நின்றபடியே போனில் உதவியாளிடம் சொல்லட்டும். அந்த நேரத்தில் பெட்டிகளுக்கு வயர் மட்டும்தான் இழுத்திருப்பார்கள், நகர்த்துவது பத்து நிமிஷ வேலை. பந்தலில் நாற்காலி போட்டு ஜனம் உட்கார்ந்த பிறகு யாராலும் முடியாது.